‘பிறவு களிக்கலாம் மக்களே’

கேரளத்தின் தென்னெல்லையில் உள்ள எங்கள் ஊர்களில் ஒரு பிள்ளைக்குப் பெரிய தீனம் என்று தெரிந்தால் ஒரு வாரத்துக்குள் கமிட்டி கூடிவிடும். பாறசாலையோ செங்கலோ காரோடோ குளத்தூரோ, எங்கும் இதே வழக்கம்தான். வார்டு மெம்பர், தலைமையாசிரியர், சபை ஊழியர், கோவில் கமிட்டிக்காரர், பள்ளிவாசல் செயலாளர் எல்லோர் பெயரும் ஒரே நோட்டீசில் வரும். முக்கில் ஃபிளெக்ஸ் ஏறும். கிளப்புப் பையன்கள் பிரியாணி சேலஞ்ச் அறிவித்து, விடியும்முன் அடுப்பு மூட்டி, மதியத்துக்குள் பொட்டலங்களை வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்கள். ஆட்டோ ஸ்டாண்டில் ஒருநாள் ஓட்டக் காசு முழுவதும் நிதிக்குப் போகும். அந்தப் பணத்தில் எத்தனையோ பிள்ளைகளின் மருந்து தடைபடாமல் தொடர்ந்திருக்கிறது. அந்த நல்ல வழக்கம் எங்களிடம் என்றும் இருக்க வேண்டும்.

நாங்கள் தவறியது வேறு இடத்தில். ஃபிளெக்ஸில் மொட்டைத் தலையும் முகக்கவசமுமாகத் தெரிகிற அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு, அவளோடு ஒரு மணி நேரம் விளையாட எங்கள் பிள்ளைகளில் ஒருவரையும் நாங்கள் அனுப்பவில்லை. படத்தை முக்கில் கட்டலாமா என்று அவளிடம் யாரும் கேட்கவும் இல்லை. பள்ளி விட்டு வரும் அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் தினமும் அந்தப் படத்தின் கீழே நின்று பஸ் ஏறினார்கள். அவள் வீட்டுக்குத் திரும்பும் இடவழி அங்கிருந்து கூப்பிடு தூரம்தான்.

நாங்கள் போகாமல் இல்லை. பெரியவர்கள் போனோம். ஆரஞ்சும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் வாங்கிக்கொண்டு போனோம். நாற்காலியை இழுத்துப் போட்டு, பிள்ளையை நடுவில் வைத்துக்கொண்டே அம்மையிடம் எல்லாக் கதையும் கேட்டோம். டாக்டர் என்ன சொன்னார், எத்தனை கீமோ ஆயிற்று, முன்பு இதே தீனம் வந்த இன்னொரு வீட்டுப் பிள்ளை என்ன ஆனது என்றுகூடக் கேட்டோம். பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தலையணை உறையின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தது. தலையில் கை வைத்து ஜெபித்தோம், நெற்றியில் பிரசாதம் இட்டோம், முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி இறங்கினோம். எங்களுக்கு மனம் கொஞ்சம் ஆறியது. அவளுக்கு அந்தச் சாயங்காலம் அப்படியே வீணாயிற்று.

அந்த வீட்டிலும் எங்கள் பேச்சைக் கேட்டு எல்லாம் ஒதுக்கப்பட்டிருக்கும். தூசி என்று பொம்மைகள் பரணுக்குப் போயிருக்கும். சைக்கிளைச் சித்தி மகன் கொண்டுபோயிருப்பான். களிக்கணும் என்று பிள்ளை கேட்டால் பாட்டி, மாமி, பக்கத்து வீட்டுக்காரி எல்லோர் வாயிலும் ஒரே பதில்: ‘சுகமாகட்டும், பிறவு களிக்கலாம் மக்களே.’ அன்பால்தான் சொன்னோம். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தோமா? பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது ரத்தப் புற்று. அதில் முக்கியமான வகைக்குச் சிகிச்சை இரண்டு முதல் மூன்று வருடம் வரை நீளும். நாலு வயதில் தீனம் பிடிபட்ட பிள்ளைக்கு மருந்து முடியும்போது ஆறு ஏழு வயது ஆகியிருக்கும். மண்ணில் வீடு கட்டுகிற, இல்லாத சோற்றைப் பொம்மைக்கு ஊட்டுகிற, தோற்றுப்போனதற்கு அழுது மறுநிமிடம் மறந்துபோகிற வயது முழுவதையும் ‘பிறவு’ என்று தள்ளிவைத்தோம். அது திரும்பி வருவதில்லை. இருதயக் கோளாறும் சிறுநீரக நோயும் தசைச் சிதைவும் உள்ள பிள்ளைகளில் பலருக்கு மருந்து முடியும் தேதி என்று ஒன்று இல்லவே இல்லை.

எங்கள் பக்கத்து ஒரு வீட்டில், கீமோவுக்குப் போய்வந்துகொண்டிருந்த ஒரு பையன் தானாகவே ஒரு விளையாட்டு உண்டாக்கி வைத்திருந்தான். கட்டிலின் கால்மாட்டில் மூன்று சிரட்டைகள், கையில் ஒரு பிடி புளியங்கொட்டை. படுத்தபடியே எறிய வேண்டும். நடுச்சிரட்டையில் விழுந்தால் பத்து, ஓரத்துச் சிரட்டைகளில் விழுந்தால் ஐந்து, தரையில் விழுந்தால் எதிராளிக்கு ஒன்று. எதிராளி யார்? அவனே. வலக்கை ஒரு ஆள், இடக்கை ஒரு ஆள். ஊசிக்குழல் குத்தியிருந்த கை எப்போதும் தோற்றது. அதனால் அந்தக் கைக்கு முன்கூட்டியே இருபது கொடுத்து வைத்திருந்தான். அம்மை தினமும் புளியங்கொட்டைகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, டவ்வலில் துடைத்துக் கொடுப்பாள். நாங்கள் போய் உட்கார்ந்து அனுதாபம் சொன்ன நேரத்தில் ஒருவர் தரையில் அமர்ந்து, ‘இடக்கையை நான் எடுத்துக்கிடட்டா?’ என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சத்தமில்லாமல் களிக்கிறான், நல்ல பிள்ளை என்று அம்மையிடம் சொல்லிவிட்டு வந்தோம்.

‘கவுண்ட் குறைஞ்சிருக்கு, ஆளை அண்டவிடக் கூடாது’ என்று திருவனந்தபுரம் புற்றுநோய் ஆஸ்பத்திரியான ஆர்.சி.சி.யில் சொல்வது உண்மைதான். கீமோ முடிந்த சில நாட்களில் ரத்த வெள்ளை அணுக்கள் மிகவும் இறங்கும். அந்த நாட்களில் சாதாரண ஜலதோஷமே பிள்ளையை ஆபத்தில் தள்ளிவிடும். மண்ணிலும் சருகிலும் பூஞ்சை இருக்கும். துணிப் பொம்மையில் அழுக்கு தங்கும். பிளேட்லெட் குறைந்திருக்கும்போது விழுந்தால் ரத்தம் எளிதில் நிற்காது. இதையெல்லாம் நாங்கள் மிகச் சரியாகக் கேட்டுக்கொண்டோம். கவுண்ட் ஏறிய பிறகு டாக்டர் சொன்ன மறுபாதியைக் கேட்கவில்லை. காய்ச்சலோ இருமலோ இல்லாத ஒன்றிரண்டு பிள்ளைகள், சோப்புப் போட்டுக் கழுவிய கை, கழுவக்கூடிய விளையாட்டுச் சாமான், ஓடிவிழாத ஆட்டம் என்றால் பெரும்பாலான நாட்களில் தடை இராது. எந்த நாள் ஆகும், எந்த நாள் ஆகாது என்று ஆஸ்பத்திரியில் கேட்டால் சொல்வார்கள். ஒரு வாரத்துக்கான எச்சரிக்கையை நாங்கள் வருடங்களுக்கு நீட்டினோம். தீனம் தொற்றிக்கொள்ளும் என்று பயந்து தங்கள் பிள்ளைகளைத் தடுத்த வீடுகளும் எங்களில் உண்டு. புற்றுநோய் தொட்டால் ஒட்டாது என்று தெரிந்தவர்களும் அந்த வீடுகளில் வாயைத் திறக்கவில்லை.

இதைவிடக் கனமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சோறு தின்னாத பிள்ளையிடம் நாங்கள் எல்லோரும் சொல்லியிருக்கிறோம்: ‘தின்னாட்டா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லுவேன்.’ தலைமுறை தலைமுறையாக ஊசியை எங்கள் வீடுகளில் பிரம்பாகத்தான் காட்டினோம். அப்படி வளர்ந்த பிள்ளைக்கு ஒருநாள் உண்மையாகவே தீனம் வருகிறது. வாரந்தோறும் ஊசி, முதுகெலும்பிலும் ஊசி. அந்தப் பிள்ளை என்ன நினைக்கும்? சின்ன வயதுப் பிள்ளைகள் நோயைத் தாங்கள் செய்த குற்றத்துக்குத் தண்டனையாக எடுத்துக்கொள்வது சாதாரணம் என்பது பிள்ளைகளோடு வேலை செய்யும் டாக்டர்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம். அந்த நினைப்புக்கு விதை போட்டவர்கள் நாங்கள்.

அந்தப் பயத்தை இறக்கிவைக்க ஒரு பிள்ளைக்குத் தெரிந்த வழி விளையாட்டு ஒன்றே. ஊசிமுனை இல்லாத சிரிஞ்சை ஒரு பிள்ளையின் கையில் கொடுத்துப் பாருங்கள். முதலில் பொம்மைக்குக் குத்தும், பிறகு உங்களுக்குக் குத்தும். ‘அழாதே, இப்ப முடிஞ்சிரும்’ என்று நர்சின் குரலில் சொல்லும். பொம்மைக்குப் பிளாஸ்டர் ஒட்டும், அதைத் திட்டும், பிறகு மடியில் போட்டுத் தட்டும். வாய்திறந்து சொல்ல முடியாததையெல்லாம் அந்தப் பொம்மையிடம் இறக்கி வைத்துவிடும். ஊசி ஏறும் நேரத்தில் சோப்புக் குமிழி ஊதச் சொன்னால் மூச்சு நீளும், உடம்பு தளரும், கண் குமிழியின் பின்னால் போகும். கவனத்தைத் திருப்புவது ஊசி வலியைக் குறைக்கிறது என்பதைப் பல சோதனைகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் ஆய்வு 2018-இலும் எடுத்துச் சொல்லியிருக்கிறது. நெஞ்சில் ஆபரேஷன் ஆன பிள்ளைக்கு ஆழமாக மூச்சுவிடும் பயிற்சி வேண்டும். தென்னோலையில் காற்றாடி செய்து ஊதச் சொல்ல எங்கள் ஊரில் எந்தத் தாத்தாவுக்குத் தெரியாது? ஓலைப்பந்தும் ஓலைப்பாம்பும் காற்றாடியும் முடைந்த கைகள் இன்றும் எங்கள் திண்ணைகளில் சும்மா இருக்கின்றன. அந்தக் கைகளை அந்த வீடுகளுக்கு நாங்கள் அழைத்துப் போகவில்லை.

இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் ஆஸ்பத்திரியில் கிடக்கும் பிள்ளையைப் பார்க்கத் தாய்க்கே நேரம் குறித்து வைத்திருந்தார்கள். 1952-இல் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற ஆய்வாளர், லாரா என்ற இரண்டு வயதுக் குழந்தை எட்டு நாள் ஆஸ்பத்திரியில் தனியே இருப்பதைப் படம்பிடித்துக் காட்டினார். அழுகையை அடக்கி அடக்கி அந்தக் குழந்தை தாயிடமிருந்தே விலகிப்போவதை அந்தப் படத்தில் காணலாம். பார்த்த டாக்டர்களில் பலர் முதலில் கோபப்பட்டார்கள். ஆனால் 1959-இல் பிளாட் குழு அறிக்கை வந்தது. பெற்றோர் எந்த நேரமும் வரலாம், ஆஸ்பத்திரியில் பிள்ளைகளுக்கு விளையாட்டும் படிப்பும் வேண்டும் என்று அது சொன்னது. 1989-இல் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு விளையாட்டை உரிமையாகவே எழுதிவைத்தது. இந்தியா 1992 டிசம்பரில் அதை ஏற்றது. சுகமான பிள்ளைக்கு மட்டும் என்று அந்தப் பிரிவில் எங்கும் இல்லை.

திருவனந்தபுரம் எங்களுக்குப் பக்கம். 1952 முதல் எஸ்.ஏ.டி. பிள்ளைகள் ஆஸ்பத்திரி, 1981 முதல் ஆர்.சி.சி., இருதயத்துக்கு ஸ்ரீசித்ரா. பாறசாலை ஸ்டேஷனில் காலை பாசஞ்சரில் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடலாம். குமரியிலிருந்தும் நெல்லையிலிருந்தும் பிள்ளைகள் அங்கே வருகிறார்கள். காத்திருக்கும் வராந்தாவில் ஒரு காட்சியை எங்களில் பலர் பார்த்திருக்கிறோம். களியக்காவிளைக்கு அப்புறத்துப் பிள்ளையும் கொல்லத்துப் பிள்ளையும் தரையில் உட்கார்ந்து ஒரு மருந்து அட்டைப்பெட்டியை லாரியாக்கி ஓட்டுவார்கள். ஒன்று தமிழ் பேசும், ஒன்று மலையாளம் பேசும், லாரி நிற்பதில்லை. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்களைப் பிரித்தபோது விளவங்கோடு அந்தப் பக்கமும் நெய்யாற்றின்கரை இந்தப் பக்கமும் ஆனதைப் பற்றி எங்கள் பெரியவர்கள் இன்றும் பேசித் தீர்க்கவில்லை. அந்த வராந்தாவில் கிடைத்த சங்காதியை வீட்டுக்குத் திரும்பிய பிறகு எங்கள் பிள்ளைக்கு எங்களால் தேடித்தர முடியவில்லை என்பதுதான் எங்களுக்கு உறுத்துகிறது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு ஆசைப்படும் பிள்ளைகளைப் பார்த்தும் எங்களுக்குக் காரணம் புரியவில்லை.

2020-இல் ஊரடங்கு வந்தது. இஞ்சிவிளையிலும் மற்ற ஊடுவழிகளிலும் தடுப்பு வைத்து எல்லையை அடைத்தார்கள். எங்கள் பிள்ளைகள் எல்லோரும் வீட்டுக்குள் ஆனார்கள். சில வாரங்களிலேயே எங்களுக்குப் பொறுக்கவில்லை. பிள்ளை மெலிகிறான், எரிந்து விழுகிறான், போனைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டேன் என்கிறான், கூட்டுக்காரர் இல்லாமல் பைத்தியம் பிடிக்கிறது என்று கூட்டம்கூட்டமாகப் பேசினோம், பத்திரிகைக்கு எழுதினோம். தீனமுள்ள பிள்ளைகள் அதற்கு முன்பே அப்படித்தான் இருந்தார்கள். பள்ளிகள் திறந்த பிறகும் அப்படியே இருந்தார்கள். அவர்கள் கையில் போனைக் கொடுத்துவிட்டு, பொழுது போகிறதே என்று நாங்கள் ஆறுதல் பட்டுக்கொண்டோம்.

வீட்டில் கிடப்பவர்களைப் பார்ப்பதில் கேரளத்துக்கு நல்ல பெயர் உண்டு. பாலியேட்டிவ் என்னும் வலிதணிப்புப் பராமரிப்பு இங்கே 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கியது, 2003-இல் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியா என்ற அமைப்பை உருவாக்கினார், 2008-இல் இந்தியாவில் முதன்முதலாக ஒரு மாநில அரசு பாலியேட்டிவ் கொள்கை அறிவித்தது. இன்று எங்கள் பஞ்சாயத்துகளில் பாலியேட்டிவ் சிஸ்டர் வண்டியில் வீடுவீடாக வருகிறார். நாங்களும் வாலண்டியர்களாகப் பயிற்சி எடுத்தோம். படுக்கைப்புண் கழுவ, வாட்டர் பெட் நிரப்ப, டியூப் மாற்றும்போது உடன் நிற்கப் படித்தோம். வயதானவர்களுக்காகவே படித்தோம். எங்கள் பையைத் திறந்தால் கையுறை, பஞ்சு, காஸ், பிரஷர் பார்க்கும் மெஷின் எல்லாம் இருக்கும். ஒரு பலூன் இராது, ஒரு பெட்டி கிரையான் இராது. எட்டு வயதுப் பிள்ளை கிடக்கும் வீட்டுக்கும் அதே பையோடுதான் போனோம். ஜனவரி 15 பாலியேட்டிவ் தினத்தில் பள்ளிப் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தி ஊர்வலம் விட்டோம். அந்த வரிசையில் இரண்டு பிள்ளைகளைப் பிரித்து, படுத்திருக்கும் பிள்ளையின் வீட்டில் ஒரு கேரம் போர்டோடு விட்டிருந்தால் அதுவே பெரிய காரியமாக இருந்திருக்கும்.

வழி தெரியவில்லை என்று நாங்கள் சொல்லவும் முடியாது. கடுமையான இயலாமையோ பல இயலாமைகளோ உள்ள பிள்ளைக்கு வீட்டிலிருந்தே கல்வி பெறும் உரிமையைக் கல்வி உரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்த்தார்கள். கேரளத்தில் சமக்ர சிக்ஷா ஆசிரியர்கள் அந்த வீடுகளுக்குப் போகிறார்கள். ஓணத்துக்கு ‘ஓணச்சங்காதி’ என்று வகுப்புப் பிள்ளைகள் கோடியும் பூவுமாகக் கட்டிலருகே வந்து அத்தப்பூக்களம் இட்டு விளையாடுகிறார்கள். அந்த ஒருநாளில் அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தவர்கள் நாங்கள். போட்டோ எடுத்தோம், வாட்ஸாப்பில் போட்டோம். சித்திரை, வைகாசி, ஆடி என்று மற்ற மாதங்களில் ஏன் யாரும் வரவில்லை என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களில் ஐந்து முதல் பதினெட்டு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்குப் பாலசபா இருக்கிறது. வாசகசாலைகளில் பாலவேதி இருக்கிறது. இரண்டும் பெரும்பாலும் விடுமுறை நாளில் கூடுபவை. பாலசபாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டு முற்றத்தில் கூட்டுங்கள் என்று எங்கள் அயல்கூட்டங்களில் ஒருவர் சொல்லியிருந்தால் போதும். கடன் தவணை, ஊறுகாய் யூனிட், தொழிலுறுதி வேலை எல்லாம் பேசினோம். இது அஜெண்டாவில் ஏறவே இல்லை.

இனிச் சொல்வது எங்களுக்கு மிகவும் கஷ்டமானது. சில பிள்ளைகள் பிழைக்க மாட்டார்கள். மருந்து முடிந்து, ‘வீட்டுக்குக் கொண்டுபோங்க’ என்று சொல்லிவிட்ட பிள்ளைகளிடம் நாங்கள் இன்னும் மோசமாக நடந்துகொண்டோம். அந்த வீட்டில் அடுத்த நாளே துக்கம் கேட்கும் முகத்தோடு நுழைந்தோம். டிவியை அணைக்கச் சொன்னோம். தம்பி சத்தமாகச் சிரித்தால் அவனை அதட்டினோம். பிள்ளைக்கு அப்போதும் சீட்டு விளையாட ஆசை இருந்தது, பூனைக்குட்டியைக் கட்டிலில் ஏற்ற ஆசை இருந்தது. கடைசிக் காலத்தில் வலியடங்கியிருக்கும் பொழுதுகளில் பிள்ளைகள் விளையாடத்தான் கேட்கிறார்கள். பாம்பும் ஏணியும் பலகையில் காயை நகர்த்தக் கை எழும்பாவிட்டால் கண்ணால் காட்டுவார்கள், நாம் நகர்த்த வேண்டும். தசைச் சிதைவு வந்த பையன்களில் பலர் பன்னிரண்டு வயதுக்குள் நடையை இழந்துவிடுகிறார்கள். ஆனால் கிரிக்கெட்டில் அவர்களுக்கு ஸ்கோர் எழுதத் தெரியும், அம்பயராக நிற்க முடியும், எல்.பி.டபிள்யூ.வுக்குக் கைதூக்க இன்னொரு பையன் உதவுவான். எங்கள் கிரவுண்டுகளுக்கு வீல்சேர் ஏறும் ஒரு சரிவுப்பாதை போட நாங்கள் நினைக்கவில்லை. கிளப் ஆண்டுவிழாவுக்கு மைக்செட்டுக்குச் செலவழித்தோம்.

அந்த வீட்டின் மற்றப் பிள்ளைகளையும் மறந்தோம். அக்காளோ தம்பியோ சுகமாக இருப்பதாலேயே யார் கண்ணிலும் படாமல் போன பிள்ளைகள் அவர்கள். அம்மையும் அப்பாவும் ஆஸ்பத்திரியில் இருந்த இரவுகளில் எங்கள் வீடுகளில் அவர்களுக்குச் சோறு போட்டோம். அதோடு நிறுத்திக்கொண்டோம்.

எங்கள் பாட்டிமாருக்குக் கொத்தங்கல்லும் பல்லாங்குழியும் தெரியும். இரண்டும் உட்கார்ந்த இடத்திலேயே ஆடுகிற ஆட்டங்கள், இரண்டுக்கும் வேண்டிய கொட்டையும் கல்லும் கழுவக்கூடியவை. கிளப்புப் பையன்களுக்குப் பிரியாணி கிண்டுகிற உற்சாகம் இருக்கிறது. பாலியேட்டிவ் சிஸ்டருக்கு எந்த வீட்டில் எந்த வயதுப் பிள்ளை இருக்கிறது, எந்த வாரம் கவுண்ட் குறையும் என்பது தெரியும். இவர்களை ஒரே திண்ணையில் உட்காரவைக்கத் தடை சொல்ல எங்களிடம் இப்போது ஒன்றும் மீதி இல்லை. அடுத்த கிராமசபையில் இதை எழுத்தில் வைக்கிறோம்: வார்டில் நீண்ட தீனத்தில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும், பெற்றோர் சம்மதித்தால், அதே வயதுள்ள இரண்டு விளையாட்டுக் கூட்டுக்காரர்கள், டாக்டர் ஆகும் என்று சொன்ன நாட்களில் பாலசபா அந்த வீட்டில், பாலியேட்டிவ் பையில் பலூனும் கிரையானும் சோப்புக் குமிழியும் கழுவிய காய்களும், சிகிச்சை நிதி ஃபிளெக்ஸில் பிள்ளையின் படம் வேண்டுமென்றால் முதலில் பிள்ளையிடமே கேட்பது. தீர்மானம் நிறைவேற ஆள் கணக்குத் தேவைப்படும். வருகிறவர்கள் ஆறு வயது, எட்டு வயதுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். எந்த விளையாட்டு வேண்டும் என்பதை அவர்கள் சொல்லட்டும்.